குப்பைமேட்டுத் தண்டங்கீரை

“கீரையை யாரும் வாங்காதீங்க! வாங்கினவங்க கீழ போடுங்க!”

புழுதி பறக்க வந்து நின்ற அரசாங்க ஜீப்பிலிருந்து குதித்த பெண் அதிகாரி போட்ட சத்தத்தில், போடிமெட்டுச் சாலையோரம் நின்ற ஏலத்தோட்டக் கூலியாட்கள் திகைத்துப்போனார்கள். மலையேறுமுன், அங்கேயே பாத்தி கட்டிக் கீரை போட்டு விற்கும் கருப்பம்மாளிடம் ஆளுக்கொரு கட்டு தண்டங்கீரை வாங்குவது அவர்கள் வழக்கம்.

“என்னம்மா அக்குருமமா இருக்கு? இம்புட்டுத் தழைஞ்ச கீரை வேற எங்க கிடைக்கும்?” என்று எகிறினான் தோட்ட ஜீப் டிரைவர் சுருளி.

“தழைஞ்சிருந்தா மண்ணு நல்ல மண்ணாயிருமா? இது பழைய குப்பைமேடு. உடைஞ்ச பேட்டரித் தகடெல்லாம் அடியில கிடக்கு. கீரையில ஈயம் ஏறியிருக்கு.”

கருப்பம்மாள் இடுப்பில் கை வைத்தபடி முன்னால் வந்தாள்.

“ஆபீசரம்மா, சத்தமாச் சொல்லுங்க. கடைசியில நிக்கிறவுகளுக்குக் கேக்கல.”

“ஈயம்! கழுவினாலும் போகாது. வேர் வழியா இலைக்குள்ள ஏறிருச்சு. பிள்ளைகளோட மூளையைக் கெடுக்கும்.”

இடுப்பில் குழந்தையோடு நின்ற முத்துப்பேச்சி, கையிலிருந்த கட்டைச் சட்டென்று கீழே போட்டாள்.

“இதையெல்லாம் எங்க படிச்சீங்க?” விடவில்லை கருப்பம்மாள்.

“கோயமுத்தூர்ல.”

“எத்தனை வருசம்?”

“ஆறு.” அதிகாரி தலையைக் குனிந்துகொண்டாள்.

“அப்படிக் கேளுக்கா!” கூட்டம் சிரித்தது.

“சரி, இப்ப என்ன செய்யணும்?”

“வேரோட பிடுங்கிப் புதைக்கணும். இனிமே இங்க எதுவும் போடக் கூடாது.”

சிரிப்பு நின்றது. எழுபத்திரண்டில் ஊர்க் குப்பை கொட்டுவது நின்றதும் கருப்பம்மாள் கல் பொறுக்கித் திருத்திய நிலம். பன்னிரண்டு வருஷமாக அவளுக்கு வேறு பிழைப்பில்லை.

கருப்பம்மாள் பாத்திகளை ஒருமுறை பார்த்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினாள். முதல் செடியை அவளே வேரோடு பிடுங்கி எறிந்தாள்.

சுருளிக்குப் பொறுக்கவில்லை. “என்னக்கா, கிறுக்கா பிடிச்சிருக்கு? யாரோ ஒரு பொண்ணு ஜீப்புல வந்து இறங்கி எதையோ சொன்னா, அப்படியே நம்பிருவியா?”

கருப்பம்மாள் நிமிர்ந்தாள். கூட்டம் முழுவதையும் ஒரு சுற்றுப் பார்த்தாள்.

“நம்பாம என்ன தம்பி? இந்தக் கீரையை வித்துத்தானே என் மகளை இம்புட்டுப் படிக்க வச்சேன்!”