ராய்ஸ் சுட்ட பன்றி

நானூற்றுப் பன்னிரண்டு பவுண்டு. தராசு முள் நின்றதும், காட்டுப் பன்றி வேட்டைப் போட்டிக்காகத் தீயணைப்பு நிலையத்தில் கூடியிருந்த அத்தனை பேரும் வாயடைத்துப் போனார்கள். பன்றியைப் பார்த்து அல்ல, அதைச் சுட்டுக்கொண்டு வந்த ராய்ஸ் டாக்கெட்டைப் பார்த்து.

எங்கள் பக்கத்து டெக்ஸஸில் ஒருவனைத் திருடன் என்று சொன்னால்கூடச் சிரித்துவிட்டுப் போய்விடுவான். குறி பார்க்கத் தெரியாதவன் என்றால் மட்டும் தாங்கமாட்டான். ராய்ஸ் அந்தப் பெயரோடுதான் இந்த ஊரில் இத்தனை வருடம் குப்பை கொட்டினான். வேட்டைக்குப் போனால் வெறுங்கையோடு வருவான். கேட்டால் காற்று சரியில்லை என்பான்.

“டேய் ராய்ஸ், எந்தக் கொட்டில்ல அடைச்சு வச்சு வளர்த்த?” என்றார் தீவனக் கடை டெல்பர்ட். போன வருடம் முதல் பரிசு அவருக்கு. இந்த வருடம் இரண்டாவது. வயிற்றெரிச்சல் இருக்காதா? “பன்னியக் குறி பாத்து, பத்தடி தள்ளி நின்ன மச்சானை மண்ணுக்குள்ள அனுப்பினவன்டா நீ! நீயாவது, காட்டுப் பன்னியச் சுடறதாவது!”

“அண்ணே, வாயைக் கழுவுங்க. ட்விலா நிக்கறா” என்றான் ராய்ஸ்.

ட்விலா அவன் மனைவி. செத்தது அவள் கூடப்பிறந்த தம்பி ஹார்லன். போன நவம்பரில் ‘இவன் கை அப்படி, வேணும்னா செஞ்சான்?’ என்று ஊரே சாட்சி சொல்ல, விபத்து என்று எழுதிக் கோப்பை மூடினார் ஷெரிஃப் கார்வின். இந்தப் போட்டிக்குக் கணவன் பெயரைக் கொடுத்ததும் ட்விலாதான். “ஊர் வாயை அடைங்க. எனக்கும் வெளிய தலைகாட்ட முடியல” என்றாள். நல்ல மனைவி.

பரிசு புத்தம்புது பிக்கப் வண்டி. ஆனால் வேட்டைக்காரன் வாய்ச்சொல்லை நம்பி வண்டி கொடுக்கும் அளவுக்கு எங்கள் ஊர் ஏமாந்த ஊர் இல்லை. வென்றவன் பொய் கண்டுபிடிக்கும் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்தாக வேண்டும். முள் துள்ளினால் வண்டியும் போச்சு, மானமும் போச்சு.

ராய்ஸ் உட்கார்ந்தான். ஓய்வுபெற்ற போலீஸ்காரர் லாய்ட் அவன் நெஞ்சில் பட்டையைக் கட்டி, விரல்களில் கம்பிகளை மாட்டினார். மூலையில் ஷெரிஃப் கார்வின் காகிதத் தட்டில் புகைபோட்ட மாட்டிறைச்சியை வைத்துக்கொண்டு, உலகத்தில் வேறு வேலையே இல்லாதவர்போல் மென்றுகொண்டிருந்தார்.

“துப்பாக்கி என்ன?” என்றார் லாய்ட்.

“முன்னூத்தி எட்டு ரைஃபிள், கனத்த தோட்டா. இவங்கள்லாம் சின்னத் தோட்டாவப் போட்டுட்டுப் பன்னி சாகலன்னு அழறாங்க. கிழட்டு ஆண் பன்னிக்குத் தோள்ல டயர் கணக்கா தோல் தடிச்சிருக்கும் சார். சின்னது உள்ளயே போகாது.”

டெல்பர்ட்டின் முகம் சுருங்கியது. அவருடையது சின்னத் தோட்டா.

“எங்க குறி வச்ச?”

“மானுக்கு வைக்கற மாதிரி தோளுக்குப் பின்னால வச்சா குடல்ல படும். அது பாட்டுக்கு ஒரு மைல் ஓடிடும். பன்னிக்கு இதயம் கீழே, முன்னங்காலுக்கு நேரா இருக்கு. நான் அதையும் தொடல. காதுக்கு அடியில வச்சேன். நின்ன இடத்துலயே உக்காந்துடுச்சு.”

“எவ்ளோ தூரம்?”

“நூத்தியெண்பது கஜம். பக்கக் காத்து வேற.”

கூட்டத்தில் யாரோ விசில் அடித்துக் கேலி செய்தார்கள். ராய்ஸுக்குக் காது சிவந்துவிட்டது. இன்று தோற்றால் செத்த பிறகு கல்லறையில்கூட இதைத்தான் எழுதி வைப்பார்கள் என்று அவனுக்குத் தெரியும்.

“இது காட்டுப் பன்னிதானா? வளர்த்தது இல்லயே?”

“காட்டுப் பன்னி. ஹார்லனோட கடலைத் தோட்டத்துல மேய்ஞ்சுது. இப்ப என் தோட்டம்.”

முள் அசையவில்லை.

“நீயேதான் சுட்டியா?”

“நானேதான்.”

முள் அசையவில்லை. டெல்பர்ட் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். “குருட்டாம்போக்குல பட்டிருக்கும்!”

“அதையும் கேட்டுடுங்க சார்” என்றாள் ட்விலா. முதல்முறையாக வாயைத் திறந்தாள். “இல்லாட்டி நாளைக்கு ஊரு அப்படித்தான் பேசும்.”

பெண்டாட்டி என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று ராய்ஸுக்கு நெஞ்சு நிறைந்துபோனது.

“கேளுங்க, நல்லாக் கேளுங்க!” என்று நிமிர்ந்து உட்கார்ந்தான். “நான் குறி வச்சது ஒரு இடம், பட்டது ஒரு இடம்னு ஆனதே கிடையாது. இருபது வருஷமா! வெறுங்கையோட வந்த நாள்லாம் நான் குறியே வைக்கல, சும்மா சுட்டேன். குறி வச்சேன்னா ஒரு அங்குலம் நகராது.”

“ஒரு தடவகூட?”

“ஒரு தடவகூட!”

லாய்ட் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு காகிதத்தைப் பார்த்தார். கோடு போட்டதுபோல் நேராகப் போயிருந்தது.

“அத்தனையும் உண்மை” என்றார்.

கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி கைத்தட்டல். டெல்பர்ட் வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். “தப்பா நெனச்சுட்டேன்டா. உன்ன மாதிரி குறி இந்த ஊர்லயே எவனுக்கும் இல்ல!” ட்விலா அழுதுகொண்டிருந்தாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று ராய்ஸ் நினைத்துக்கொண்டான்.

லாய்ட் பட்டையை அவிழ்க்கக் கை வைத்தபோது, ஷெரிஃப் கார்வின் விரல்களை நிதானமாகத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தார்.

“இருங்க லாய்ட், கழட்டாதீங்க. அப்ப போன நவம்பர்ல நம்ம ராய்ஸ் யாரக் குறி பாத்தான்னும் ஒரு வார்த்த கேட்டுடுங்க.”