மிஞ்சிய தண்ணீர்

பேராசிரியர் மஹாதேவன் சால்ட் லேக் ஆய்வகத்தில் எல்லோரிடமும் வங்காள மொழியில் இனிக்க இனிக்கப் பேசுவார். ஹம்சினியைத் திட்ட மட்டும் தமிழ்.

"விட்டது ஒரு வாளி, வந்தது ஒன்றரை வாளியா? அளக்கத் தெரியாதவளுக்கு எதுக்கும்மா பிஎச்டி?"

வருடக்கணக்கில் உழைத்து அவள் கட்டிய கருவி அது. நுண்துளைச் சுவர் கொண்ட குழாய் வேகமாகச் சுழலும். உள்ளே விடும் தண்ணீரில் கொஞ்சம் சுவர் வழியே கசியும், மீதி மறுமுனையில் கொட்டும். இரண்டும் சேர்ந்து, விட்ட அளவுதான் வரவேண்டும். இந்த வாரம் முழுக்க மிஞ்சியது.

"என் கண்ணு முன்னாடி ஓட்டு. இப்பவும் தப்பா வந்தா இதை வேற ஆளுக்குக் கொடுத்துடுவேன்."

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு சுவிட்சைப் போட்டாள். அவர் குழாயை ஒட்டி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். விட்ட தண்ணீர் தீர்ந்து, பம்ப் வெறுமனே ஓடியது. கசிவு நிற்கவில்லை. அதைப் பிடிக்க அவள் இரண்டாவது வாளியை வைத்தாள்.

"தண்ணி கொடும்மா," என்றார். ஒரு பாட்டிலை ஒரே மூச்சில் குடித்துவிட்டு இன்னொன்று கேட்டார். உதடு வெடித்திருந்தது. கன்னம் ஒட்டிப்போயிருந்தது. அந்தத் தாகம் அவளுக்குத் தெரியும். வாரம் முழுக்க இந்தக் குழாயை ஒட்டி உட்கார்ந்து அவளும் இப்படித்தான் குடித்துக்கொண்டிருந்தாள்.

அவள் கை சுவிட்சுக்குப் போனது. "அணைச்சிடவா சார்?"

"ஏன், பயமா? உன் லட்சணத்தைப் பார்த்துட்டுத்தான் எழுந்திருப்பேன்."

ஹம்சினி கையை எடுத்தாள். நிரம்பிய வாளியைக் காலால் தள்ளிவிட்டு, மூன்றாவதை இழுத்து வைத்தாள்.