முதலில் வந்த கட்டுரை

“கேமரா கெட்டுப்போச்சுன்னு இன்னும் எத்தனை நாளைக்குக் கதை விடப்போற?”

லிஃப்ட் மெக்கானிக் ஷூ லேஸைக் கட்டியபடியே மனைவியைக் கேட்டார். அவள் பாதி தைத்த திரைச்சீலையை ஓரமாகத் தள்ளிவிட்டு, மகளின் லேப்டாப்பை மேசைமேல் திறந்தாள். நேற்று மூடி வைத்தது. ஆனாலும் கைக்கு வெதுவெதுப்பாக இருந்தது. வெயில் பட்டிருக்கும்.

“இன்னிக்கு ஒரு நாள்தாங்க. இந்த நேர்காணல் முடிஞ்சா பல்கலைக்கழகத்துல இடம். பி.ஏ. வரலாறு. அவ பேர்ல.”

“அவ பேர்ல அவதான் படிக்கணும். நீ படிச்சா அதுக்குப் பேரு ஏமாத்து.”

“பள்ளிக்கூடத்துல மார்க்கு போச்சுன்னு எப்படி அழுதா! ஒரு வருஷம் ஆன்லைன்ல படிச்சுத் தேறினா நேரா பட்டப்படிப்புன்னு அவளேதானே தேடிப் பிடிச்சுச் சேர்ந்தா? அதை அப்படியே விட்டுடச் சொல்றீங்களா?”

“அதுக்காக நீ கட்டுரை எழுதுவியா? வரலாறுல உனக்கு என்ன தெரியும்?”

“எழுபத்தெட்டு மார்க்கு வாங்கியிருக்கேன். உங்களோட இத்தனை வருஷம் குப்பை கொட்டினவளுக்கு எந்தப் போரைப் பத்தியும் எழுத வரும்.”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்த வீட்டில் யாரும் சிரித்து வெகுநாளாகியிருந்தது. அதற்குள் லேப்டாப் ஒலித்தது.

திரையில் ஆசிரியையின் முகம். “வணக்கம்மா. இன்னிக்காவது கேமராவைப் போடு. முகத்தைப் பார்க்காம இடம் கொடுக்கக் கூடாது, விதி அப்படி.”

“மேடம், கேமரா வந்து...” குரலை இளசாக்கிப் பார்த்தாள். வாசல் வரை போன கணவர் திரும்பி நின்று, சொல்லிவிடு என்பதுபோலத் தலையசைத்தார்.

கேமராவைப் போட்டாள். திரையின் மூலையில் நரைத்த தலையும் கழுத்தில் இன்ச் டேப்புமாக அவள் உருவம் தெரிந்தது.

“நான் அவ இல்லைங்க மேடம். அவளோட அம்மா. கட்டுரையெல்லாம் நான்தான் எழுதினேன். என்னை என்ன வேணா செய்ங்க. இடத்தை மட்டும் அவ பேர்லயே...”

“தெரியும்மா” என்று ஆசிரியை சிரித்தார்.

“தெரியுமா?”

“‘ராஜா பொண்டாட்டி பேச்சைக் கேட்டிருந்தா நாடு கைவிட்டுப் போயிருக்காது’ன்னு எந்தச் சின்னப் பொண்ணு எழுதும்? அதையெல்லாம் நான் கணக்குலயே எடுத்துக்கல.”

“அப்ப அந்த எழுபத்தெட்டு?”

“அது உங்க பொண்ணோடது. வாரா வாரம் உங்க கட்டுரை வந்த கொஞ்ச நேரத்துல அவளோடது வந்துடுமே! ‘முதல்ல வந்தது அம்மா எழுதினது. ஆசையில எழுதறாங்க, திட்டிடாதீங்க’ன்னு கீழே ஒரு வரி. இன்னிக்குக் காலையில கூட எழுதியிருந்தா, ‘அம்மா இன்னிக்கு உண்மையைச் சொல்லிடுவாங்க, பாருங்க’ன்னு.”

அவள் மேசை விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“இடம் அவளுக்குத்தான். எங்கே, கூப்பிடுங்க. நானே அவகிட்ட சொல்றேன்.”

கணவர் அருகில் வந்து, வேர்த்த கையால் அவள் தோளைத் தொட்டார். அவள் காதருகே குனிந்தார்.

“அப்ப அந்தக் கட்டுரையெல்லாம் யாருடி அனுப்பறது? வகுப்பு தொடங்கறதுக்கு முந்தின வாரமே நம்ம கையாலதானே அவளுக்கு மண்ணு போட்டோம்?”