சந்தனம் பூசிய ரிவால்வர்

தேர்தல் வந்துவிட்டால் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். பெரியவீட்டு வைரக்கண்ணு ரிவால்வர் பெட்டியோடு காரில் ஏறப்போனார். வாங்கி வைக்க டிரைவர் ராசு கை நீட்டினான்.

“தொடாதடா! வேட்டையில பன்னி பாஞ்சப்ப வெள்ளக்காரத் துரையைக் காப்பாத்துனதுக்கு எங்க பூட்டனுக்கு வந்த பரிசு இது. ஒங்க பூட்டன் இருளன் அன்னைக்கித் தண்ணிக்குடந்தான் தூக்குனான்.”

ஸ்டேஷனில் புது எஸ்.ஐ. அம்மா பெட்டியைத் திறந்து முகம் சுளித்தார். நூறு வருடத்து ஆயுதபூஜைச் சந்தனம் ரிவால்வர் மேல் அப்பிக் காய்ந்திருந்தது. துடைத்தால் தெய்வக்குத்தமாம்.

“நம்பரே தெரியலையே. கழுவிக் கொண்டாங்க.”

நகம் வெட்டவே ஆள் வைத்திருக்கும் வைரக்கண்ணுவா கழுவுவார்?

“டேய் ராசு, தேய்டா!”

ராசு குழாயடியில் தேய்த்தான். வெள்ளியில் செதுக்கிய கொடிகள் தெரிந்தன. தந்தப் பிடியில் ஒரு மயில் தோகை விரித்தது. அதன் கீழே இங்கிலீஷ் எழுத்துகள்.

“சத்தமா வாசிங்கம்மா. எங்க வம்சப் பெருமையை இந்தப் பயலும் கேக்கட்டும்.”

ராசு கையில் இருந்தபடியே அதைப் படித்து, எஸ்.ஐ. தமிழில் சொன்னார்: “பன்றியைக் குத்தி என்னைக் காப்பாற்றிய இருளனுக்கு. மரத்தை விட்டு இறங்காத அவன் எஜமானே சாட்சி.”

வைரக்கண்ணு ரிவால்வரைப் பிடுங்கப் போனார்.

“தொடாதீங்க,” என்றான் ராசு.