கீபோர்டில் பழுதில்லை

“இது ரிப்பேர் இல்ல டாக்டர். யாரோ வேணும்னே செஞ்சிருக்காங்க.”

கவியரசன் சொன்னதும் டாக்டர் மரகதத்தின் முகம் இறுகியது.

காக்ஸ் டவுனில், மாடியில் இருந்தது அவருடைய ரத்தப் பரிசோதனை லேப். முன்னறையில் ஒரே ஒரு கம்ப்யூட்டர். ரிப்போர்ட் எல்லாம் அதில்தான் டைப் ஆக வேண்டும். அதன் கீபோர்டு கொஞ்ச நாளாக மக்கர் பண்ணுகிறது என்று டாக்டர் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். லிங்கராஜபுரத்தில் சர்வீஸ் கடை வைத்திருக்கும் கவியரசன் வயரைப் பிடுங்கிச் செருகிப் பார்த்தான். டிரைவர் சாஃப்ட்வேரை அழித்துவிட்டுத் திரும்பப் போட்டான். கடைசியில் புது கீபோர்டே மாட்டினான். எதற்கும் மசியவில்லை.

“நேத்து டைப் அடிக்கிற பாமா சாப்பிடப் போயிருந்தப்போ அவசரம்னு நானே ஒரு ரிப்போர்ட் அடிச்சேன். சர்க்கரை இருநூத்து இருபது. ஸ்கிரீன்ல வெறும் இருபதுன்னு விழுந்திருக்கு. கவனிக்காம பிரிண்ட் போயிருந்தா என்ன ஆகும்?” என்றார் டாக்டர்.

“இதோ பாருங்க டாக்டர். விண்டோஸ்லயே ஃபில்டர் கீஸ்னு ஒரு வசதி இருக்கு. அதை ஆன் பண்ணிட்டா, ஒரே கீயை டக்டக்னு ரெண்டு தடவை அடிச்சாலும் ஒரு தடவைதான் எடுத்துக்கும். நீங்க வேகமா அடிக்கிறீங்க. அதான் ஒரு ரெண்டை முழுங்கிடுது.”

“தானா ஆன் ஆகியிருக்காதா?”

“ஆகாது டாக்டர். செட்டிங்ஸ்க்குள்ள போய், எவ்வளவு நேரம்னு பார்த்து வெச்சு, பீப் சத்தமும் வராம பண்ணியிருக்காங்க. விஷயம் தெரிஞ்ச ஆள்தான்.”

டாக்டரைத் தவிர அந்த சீட்டில் உட்காருகிறவர்கள் இரண்டே பேர், பாமாவும் டிரேவரும். பாமாவுக்கு டைப் அடிக்கவும் பிரிண்ட் கொடுக்கவும் மட்டும்தான் தெரியும். டாக்டர் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

“டிரேவர்! இங்க வா.”

ரத்தம் எடுக்கும் டிரேவர் கையுறையைக் கழற்றிக்கொண்டே வந்தான். ஸ்கிரீனைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான்.

“இது யார் வேலை?”

“நான்தான் டாக்டர்.”

“எதுக்கு?”

டிரேவர் கழற்றிய கையுறையை மடித்தான்.

“வேளாங்கண்ணி போக லீவு கொடுக்கலைன்னு கோபமா? அதை பேஷண்ட் ரிப்போர்ட்லயா காட்டுவ?”

கவியரசனுக்குப் பொறுக்கவில்லை. “என்ன ப்ரதர், இது உயிர் சமாசாரம். ஒரு நம்பர் மாறினா ஒரு ஆளே போயிடுவாரு. உங்களுக்கு விளையாட்டா இருக்கா?”

டிரேவர் அவனை நிமிர்ந்து பார்த்தான். “அதை ஆஃப் பண்ணிட்டீங்களா?”

“பண்ணாம?”

டிரேவர் தலையை மட்டும் ஆட்டினான்.

“நாளையிலேர்ந்து நீ வர வேணாம்” என்றார் டாக்டர்.

டிரேவர் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனான். தன்னால் ஒருத்தன் வேலை போயிற்றே என்று கவியரசனுக்கு ஒரு மாதிரிதான் இருந்தது. ஆனாலும், செய்த காரியத்துக்கு இது வேண்டியதுதான் என்று மனசைத் தேற்றிக்கொண்டான்.

சாப்பிடப் போயிருந்த பாமா அப்போதுதான் திரும்பி வந்தாள். ஐம்பதைத் தாண்டிய பெண்மணி. லேப் திறந்த நாளிலிருந்து அங்கேதான் இருக்கிறாள்.

“மேடம், ரிப்போர்ட் ஆயிதா?” என்று பெஞ்சிலிருந்து ஒருவர் கன்னடத்தில் கேட்டார்.

“ஐது நிமிஷ சார், கூத்கொளி” என்று அவரை ஐந்து நிமிடம் உட்காரச் சொல்லிவிட்டு அவள் சீட்டில் உட்கார்ந்தாள். நிதானமாக டைப் அடிக்க ஆரம்பித்தாள். அழித்தாள். மறுபடி அடித்தாள். மறுபடி அழித்தாள்.

“தம்பி, என்ன பண்ணீங்க இதை?”

“ஏன்க்கா? சரி பண்ணிட்டேனே.”

“ஒண்ணு அடிச்சா பதினொண்ணுன்னு விழுது. எல்லாமே ரெண்டு ரெண்டா வருது. முன்னாடி இப்படித்தான் இருந்துச்சு. கீபோர்டு பழசாயிடுச்சுக்கா, நான் பார்த்துக்கறேன்னு டிரேவர்தான் சரி பண்ணிக் கொடுத்தான். இத்தனை நாள் ஒரு தப்பு வரலையே?”

கவியரசன் அவள் கையைப் பார்த்தான்.

கீபோர்டின்மேல் இருந்த அந்த விரல்கள் மெல்ல நடுங்கிக்கொண்டிருந்தன. ஒரு கீயைத் தொட்டால், விரல் முழுதாக எழும் முன்பே இன்னொரு தடவை அதில் பட்டது.

அவன் திரும்பினான். டாக்டரும் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அது என்ன நடுக்கம் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

“இரு பாமா, வந்துடறேன்” என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று படியிறங்கினார். கவியரசனும் பின்னாலேயே ஓடினான்.

கீழே டிரேவர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வண்டியைக் கிளப்பியிருந்தான். டாக்டரே போய்ச் சாவியைத் திருகி வண்டியை அணைத்தார்.

“மேல வா.”

அவன் நகரவில்லை.

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே டிரேவர்?”

“சொன்னா அக்காவை வேலையை விட்டு நிறுத்திடுவீங்களோன்னு பயமா இருந்துச்சு டாக்டர்.”

“அதுக்காக உன் வேலையை விட்டுட்டுப் போவியா?”

டிரேவர் ஹெல்மெட்டைக் கழற்றினான்.

“எனக்கு ரத்தம் எடுக்கத் தெரியும், எந்த லேப்லயும் சேர்த்துப்பாங்க. அந்தக் கையை யார் டாக்டர் சேர்த்துப்பாங்க?”