செம்புக் கம்பி

லேப்டாப்பின் அடியில் மூன்றாம் முறையாகக் கை வைத்துச் சூடு பார்த்தான் பவித்ரன்.

"இன்டர்வியூ எனக்கா, உங்களுக்கா?" என்றாள் அவன் மனைவி தினேஸ்வரி. திரையில் அவளைக் கூப்பிட இன்னும் பத்து நிமிடம்தான் இருந்தது.

"தினேஸ், என் போன்லயே பேசிடேன்."

"லேப்டாப் ராக்கெட் மாதிரி ஓடுதுன்னு சிலிபின் வட்டாரம் பூரா சொல்லிக்கிட்டுத் திரிஞ்சீங்க. இப்ப என்னவாம்?"

இனி மறைத்துப் பயனில்லை.

"ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் நான்தான் பிரிச்சேன். புரோசசர் அடியில இருக்கிற ஊசி ரெண்டைச் செம்புக் கம்பியால இணைச்சா வேகம் கூடும்னு இணைச்சு விட்டேன். என் பேச்சைக் கேட்டு நம்ம கூட்டாளி கோகிலனும் அப்படியே செஞ்சான். நேத்து அவன் லேப்டாப் புகைஞ்சு போச்சு. இது எப்ப புகையுமோ தெரியல."

தினேஸ்வரி அவனை நிதானமாகப் பார்த்தாள்.

"முடி மாதிரி ஒரு கம்பியா?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"பூஜையில வைக்கணுமேன்னு முழுசாக் கழட்டித் துடைச்சேன். புரோசசர் ஊசியில சிக்கிக் கிடந்துச்சு. குப்பைன்னு எடுத்துப் போட்டுட்டேன்."

அவன் வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. ஆனாலும் ஒன்று உறுத்தியது.

"அப்ப இந்த வேகம்?"

"ஃபேன்ல அடைச்சிருந்த தூசி போனா சூடு குறையும். வேகமா ஓடத்தான்லா செய்யும். கதவைச் சாத்திட்டுப் போங்க."

வாசலுக்கு வந்தவன் நிம்மதியாக மூச்சு விட்டு, கோகிலனைப் போனில் அழைத்தான்.

"மச்சான், ஆயுத பூஜைக்கு உன் வீட்ல லேப்டாப்பைத் துடைக்கவே இல்லையா?"