ஒரு வரி

அஞ்சுகிராமம் ரோட்டு வளைவில், நடுரோட்டில் ஒரு பெண் குத்தவைத்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் சுண்ணாம்பு வாளி, கையில் தூரிகைபோல நுனி நைத்த பனைமட்டை. வேகத்தடையின்மேல் பட்டை பட்டையாக வெள்ளை அடித்துக்கொண்டிருந்தாள்.

காலை ஒன்பது மணி. இரண்டு பக்கமும் வண்டிகள் நின்றுவிட்டன. பஸ் டிரைவர் தலையை வெளியே நீட்டி, "ஏ அக்கா, கோலம் போட வீட்டு முற்றம் இல்லியா?" என்றார். பஸ்ஸுக்குள் சிரித்தார்கள்.

அவள் நிமிரவில்லை.

எனக்கு ஆபீசுக்கு நேரமாகியிருந்தது. அதைவிட, அது என் வேகத்தடை. பள்ளிக்கூடம் விட்டு வந்த ஒரு பிள்ளைமேல் இந்த வளைவில் வேன் மோதியபிறகு, இங்கே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து மனு எழுதினேன். நூற்றுப் பன்னிரண்டு பேரிடம் கையெழுத்து வாங்கி, எட்டு மாதம் அலைந்தேன். போட்டு இரண்டு மாதம்தான் ஆகிறது.

பைக்கை ஓரமாக நிறுத்திவிட்டுப் போனேன்.

"ஏம்மா, சாவதுக்கா இங்க இருக்கிய? இதெல்லாம் ரோட்டுக்காரங்க வேலையாக்கும்."

"அவங்க வரல்லியே சார். மூணு தடவை போய்ச் சொல்லியாச்சு." மட்டையை வாளியில் முக்கினாள். "மழை பெய்தா இதும் போயிரும். நாலாவது தடவையா அடிக்கேன்."

போன மாதம் விடிவதற்குமுன் பைக்கில் பால் கொண்டுபோன ஒருவர் இந்த வேகத்தடையில் தூக்கியடித்து விழுந்து இறந்துபோனார். குடித்திருப்பான் என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். நானும் ஆமாம் என்று சொல்லியிருந்தேன். அப்படி நினைத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது.

"அந்தப் பால்காரர் உங்களுக்கு..."

"வீட்டுக்காரரு."

பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டேயிருந்தார்கள். என்ன சொல்வதென்று தெரியாதபோது எனக்கு மனுதான் வாயில் வரும்.

"எழுதிக் கேட்டாத்தாம்மா செய்வாங்க. இந்த வேகத்தடையே நான் எழுதின மனுவாலதான் வந்துது. வெள்ளைக்கோட்டுக்கும் ஒண்ணு எழுதித் தாறேன். நீங்க எழும்பி வீட்டுக்குப் போங்க."

அப்போதுதான் அவள் நிமிர்ந்து பார்த்தாள். முகத்தில் கோபம் இல்லை. அசதிதான் இருந்தது.

"நீங்கதானா அந்த சார்? அதுல முதல் கையெழுத்து அவரு போட்டதாக்கும்."

மட்டையை மறுபடி முக்கி, அடுத்த பட்டையைத் தொடங்கினாள்.

"வெள்ளைக்கோடும் போடணும்னு ஒரு வரி சேத்து எழுதுங்க, இருட்டுல தெரியாதுன்னு உங்ககிட்ட சொன்னாராம். கையெழுத்து வாங்கணும், தாள்ல இடமில்லைன்னு சொல்லிட்டியளாம்."